பட்ஜெட் பிராசஸரை ஏஎம்டி கைவிடுவது சரியா? இன்டெல் பங்கு வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள்

பொறுமைசாலி:

வணக்கம் நண்பர்களே. கணினி பிராசஸர் செய்யும் ஏஎம்டி, இன்டெல் இரண்டு கம்பெனிகளின் பங்கும் என்னிடம் இருக்கின்றன, ஏஎம்டிதான் அதிகம். அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் ஓர் அண்ணனோடு இதைப் பற்றி ஓயாத வாக்குவாதம், அதனால் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

அவர் சொல்வது இதுதான். 2017-ல் ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் வந்தபோது மக்கள் அதன் பக்கம் திரும்பியதற்குக் காரணமே விலை. எட்டு கோர் (பிராசஸருக்குள் கணக்கிடும் அலகு) வேண்டுமானால் இன்டெல்லிடம் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்த நேரத்தில் 1800எக்ஸ் 499 டாலருக்கும், அதற்குக் கீழே 1700 வெறும் 329 டாலருக்கும் வந்தன. அப்படி வளர்ந்த கம்பெனி இப்போது காசுள்ளவர்களை மட்டும் பார்க்கிறது, 2022 செப்டம்பரில் ஏஎம்5 என்ற புது சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம்) வந்தபோது இருப்பதிலேயே குறைந்த விலை பிராசஸர் 299 டாலர் 7600எக்ஸ்தான், போதாக்குறைக்கு புது மதர்போர்டும் டிடிஆர்5 மெமரியும் வாங்கியாக வேண்டும், மலிவு லேப்டாப்பையும் அலுவலகக் கணினியையும் இன்டெல்லிடம் விட்டுவிட்டார்கள், அடித்தளம் போனால் மாடியும் ஒருநாள் போகும் என்கிறார்.

நான் சொல்வது வேறு. சந்தை ஆய்வு நிறுவனமான மெர்குரி ரிசர்ச்சின் கணக்குப்படி 2025 இரண்டாம் காலாண்டில் டெஸ்க்டாப் பிராசஸர்களில் ஏஎம்டியின் பங்கு எண்ணிக்கையில் சுமார் 32 சதவீதம், பணத்தில் சுமார் 39 சதவீதம். சர்வரில் எண்ணிக்கை 27, பணம் 41. குறைவாக விற்று அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்றால் முதலீட்டாளராக நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

ஆனாலும் அவர் சொல்வதை முழுதாக ஒதுக்கவும் மனம் வரவில்லை. சிப் தொழிலின் உள்விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள். பட்ஜெட் பிராசஸரில் உண்மையில் லாபம் இருக்கிறதா இல்லையா?

வேஃபர்கணக்கு:

நண்பரே, பெட்டியின் விலையை வைத்து வாதம் செய்தால் இது முடியவே முடியாது. உள்ளே இருக்கும் சிலிக்கானை வைத்துப் பாருங்கள், விஷயம் உடனே புரியும்.

2019-ல் ஏஎம்டி ஜென் 2 என்ற பிராசஸர் வடிவமைப்பைக் கொண்டுவந்தது. அதில் எட்டு கோர் உள்ள ஒரு சின்னத் துண்டு, பரப்பு சுமார் 74 சதுர மில்லிமீட்டர், மற்ற கம்பெனிகளுக்குச் சிப் செய்து கொடுக்கும் தைவானின் டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் (எண் சிறியதானால் புதிய, நுண்ணிய தொழில்நுட்பம்) வேஃபரில், அதாவது சிலிக்கான் தட்டில், வெட்டியது. ஒரு 300 மில்லிமீட்டர் வேஃபரில் இப்படி ஏறத்தாழ 800 துண்டு எடுக்கலாம். முக்கியமான விஷயம், ரைசனுக்கும் சர்வருக்குப் போகும் எபிக்குக்கும் இதே துண்டுதான். ரைசன் 5 3600-ல் ஒரு துண்டு இருக்கும், அதிலும் இரண்டு கோரை அணைத்துவிட்டு ஆறு கோராக 199 டாலருக்கு விற்றார்கள். எபிக் 7742-ல் எட்டு துண்டு, மொத்தம் 64 கோர், பட்டியல் விலை 6,950 டாலர். அதாவது அதே எட்டுத் துண்டை 3600 ஆக விற்றால் 1,592 டாலர், எபிக்காக விற்றால் 6,950. எபிக்கில் நடுவே ஒரு பெரிய ஐஓ சிப் (மெமரியோடும் மற்ற பாகங்களோடும் இணைப்பது) இருக்கிறது, பேக்கேஜ் செலவும் அதிகம், பெரிய கிளவுட் கம்பெனிகள் யாரும் பட்டியல் விலை கொடுப்பதில்லை, எல்லாம் சரி. பாதி கழித்தாலும் வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிறது. இதோடு 3600-ன் 199 டாலரில் கூலர், பெட்டி, கடைக்காரர் லாபம் எல்லாம் அடக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் 3600-ஐ விற்றதே ஏன் என்று கேட்பீர்கள். எல்லாத் துண்டும் எட்டு கோரும் நன்றாக வேலை செய்யும்படி வராது. ஒன்றிரண்டு கோர் பழுதானது, அதிக மின்சாரம் குடிப்பது, வேகம் ஏறாதது எல்லாம் இருக்கும். அவற்றைக் குப்பையில் போடுவதற்குப் பதிலாக ஆறு கோராக விற்றால் வருவதெல்லாம் லாபம். இந்த வகை பட்ஜெட் பிராசஸர் அருமையான வியாபாரம். பிரச்சினை எப்போது வருகிறதென்றால், சந்தை கேட்கும் அளவுக்குப் பழுதான துண்டு இல்லாதபோது. அப்போது நல்ல துண்டையே கோரை அணைத்து மலிவாக விற்க வேண்டும். வேஃபர் தாராளமாகக் கிடைத்தால் அதிலும் நஷ்டமில்லை. வேஃபர் தட்டுப்பாடு என்றால் அந்த ஒவ்வொரு துண்டும் ஒரு எபிக் வாடிக்கையாளரிடமிருந்து பிடுங்கிக் கொடுப்பது போலத்தான்.

2020 நவம்பரில் ரைசன் 5000 வந்ததை நினைத்துப் பாருங்கள். இருப்பதில் குறைந்தது 5600எக்ஸ், 299 டாலர். சாதாரண 5600 199 டாலருக்கும் 5500 159 டாலருக்கும் வர 2022 ஏப்ரல் ஆகிவிட்டது. நடுவில் ஒன்றரை வருடம் டிஎஸ்எம்சியிடம் 7 நானோமீட்டர் வேஃபருக்கு அடிதடி, போதாததற்கு பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டின் சிப்பையும் ஒப்பந்தப்படி ஏஎம்டியே அதே வேஃபரில் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் மலிவு ரைசன் விடாததைப் பார்த்து யூடியூபில் எல்லோரும் திட்டினார்கள். ஏஎம்டியின் வருவாய் 2020-ல் 976 கோடி டாலர், 2021-ல் 1,640 கோடி டாலர். மொத்த லாப விகிதமும் (வருவாயில் சரக்கின் செலவு போக மிஞ்சும் பங்கு) 45-லிருந்து 48 சதவீதமாக ஏறியது. பங்குதாரராக நான் அந்த முடிவை அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன்.

பழையசாக்கெட்:

வேஃபர்கணக்கு சொன்ன கணக்கில் தவறில்லை, ஆனால் அது ஒரு வருடத்துக்கான கணக்கு. பொறுமைசாலியின் அலுவலக அண்ணன் கேட்பது பத்து வருடக் கணக்கு. அவர் பக்கம் நான் கொஞ்சம் பேசுகிறேன், ஏனென்றால் இந்த நாடகத்தை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாகிவிட்டது.

1997, 98-ல் அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்குக் குறைவான கணினிகள் சூடு பிடித்தன. உள்ளே ஏஎம்டி கே6, சைரிக்ஸ் மாதிரியான சிப்புகள். இன்டெல்லுக்கு பென்டியம் 2-ல் கிடைத்த லாபத்தைப் பார்த்தால் இந்தக் கீழ்த்தட்டு சந்தையைத் தொடவே தேவையில்லை. ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் இன்டெல்லுக்குப் போய், பெரிய எஃகு ஆலைகள் மலிவான கம்பியைச் சின்ன ஆலைகளுக்கு விட்டுக்கொடுத்து பிறகு ஒவ்வொரு படியாக எல்லாவற்றையும் இழந்த கதையைச் சொன்னதும், இன்டெல்லை நடத்திய ஆண்டி குரோவ் அதைக் கேட்டு உஷாரானதும் பலரும் அறிந்ததே. 1998 ஏப்ரலில் இன்டெல்லின் மலிவு பிராசஸரான செலரான் வந்தது. முதல் செலரானில் எல்2 கேஷே (பிராசஸரின் வேகமான சின்ன நினைவகம்) கிடையாது, வேகம் சகிக்காது, விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள். நான்கு மாதத்தில் ஆகஸ்டில் 300ஏ வந்தது, சிப்புக்குள்ளேயே 128 கிலோபைட் கேஷ். அதன் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும், பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 450-உடன் தோளோடு தோள் நிற்கும். தன் சொந்த விலையுயர்ந்த சரக்கின் வியாபாரத்தைத் தானே வெட்டுகிறது இன்டெல் என்று அன்று எவ்வளவு பேச்சு!

என்ன நடந்தது? ஏஎம்டி 1998, 1999 இரண்டு வருடமும் நஷ்டம். சைரிக்ஸை 1997-ல் வாங்கிய நேஷனல் செமிகண்டக்டர் 1999-லேயே தைவான் சிப் கம்பெனியான வியாவுக்குத் தள்ளிவிட்டு வெளியேறியது. செலரானின் லாபத்தை செலரானின் கணக்கில் மட்டும் தேடினால் கிடைக்காது, எதிரிக்கு அடுத்த தலைமுறை சிப் செய்யப் பணம் இல்லாமல் போனதில்தான் இருந்தது. ஏஎம்டி எப்படியோ 1999-ல் அத்லான் பிராசஸரைக் கொண்டுவந்து தப்பித்தது, அது வேறு கதை.

இன்றைக்கு ஏஎம்டி மேலே மட்டும் நின்றால் கீழே இன்டெல் மட்டும் இல்லை, லேப்டாப்பில் ஆர்ம் (மொபைல் போன்களில் இருக்கும் வேறு வகை வடிவமைப்பு) சிப்புகளும் வருகின்றன. கணினி தயாரிக்கும் கம்பெனி ஒன்று பத்து மாடல் போட்டால் அதில் ஆறு மலிவு மாடல்தான், அந்த ஆறுக்கும் சிப் கொடுப்பவரிடம்தான் மேலே உள்ள நாலுக்கும் பேச்சு நடக்கும். சில்லறையில் பிராசஸரைத் தனியாக வாங்குபவர்களிடம் ஏஎம்டி ராஜா, ஆனால் லேப்டாப்பில் இன்னும் இன்டெல்தான் பெரிய கை என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தணிக்கைக்காரி:

இரண்டு பேரும் நல்ல விஷயங்களைச் சொன்னீர்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஒன்றை யாரும் தொடவில்லை. ஃபேப், அதாவது சிப் செய்யும் தொழிற்சாலை, யாருடையது?

சொந்தமாகக் கல்யாண மண்டபம் கட்டியவர் மார்கழி மாதத்தில் பாதி வாடகைக்குக் கேட்டாலும் கொடுப்பார், பூட்டி வைத்தாலும் கடன் வட்டி ஓடுகிறதே. மண்டபத்தை நாள் வாடகைக்கு எடுத்து விழா நடத்துபவர் மார்கழியில் எடுக்கவே மாட்டார். இன்டெல் முதல் வகை, ஏஎம்டி இரண்டாம் வகை. 1998-ல் ஏஎம்டியிடமும் ஃபேப் இருந்தது, 2009-ல் அதைப் பிரித்து குளோபல்ஃபவுண்டரீஸ் ஆக்கிவிட்டார்கள். ஆகவே பழையசாக்கெட் சொன்ன செலரான் உதாரணத்தில் இன்டெல்லின் கணக்கு இன்டெல்லுக்குத்தான் பொருந்தும், இன்றைய ஏஎம்டிக்கு அப்படியே பொருந்தாது. ஃபேப் நிறைந்து ஓடும்வரை ஒவ்வொரு கூடுதல் செலரானும் தேய்மானச் செலவில் கொஞ்சத்தைத் தாங்கிக்கொண்டது. டிஎஸ்எம்சிக்கு வேஃபர் கணக்கில் பணம் கட்டும் ஏஎம்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஃபேப் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்டெல்லின் 2024 கணக்கு போதும். சொந்தப் பிராசஸர்களைச் செய்யும் வேலையையும் சேர்த்து ஃபவுண்டரி பிரிவைத் தனியாகக் காட்டுகிறார்கள். வருவாய் 1,750 கோடி டாலர், செயல்பாட்டு நஷ்டம் 1,340 கோடி டாலர். கணினி பிராசஸர் பிரிவு அதே வருடம் ஏறத்தாழ 1,090 கோடி டாலர் லாபம் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு இன்டெல்லின் மலிவு லேப்டாப் சிப் நல்ல லாபம் தருகிறது என்று சொல்பவர்கள் இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2018-ல் 62 சதவீதத்தை ஒட்டி இருந்த மொத்த லாப விகிதம் 2024-ல் 33 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. அந்த வருடம் மூன்றாம் காலாண்டில் இன்டெல் 7 என்ற பழைய தயாரிப்பு முறைக்கான இயந்திரங்களின் மதிப்பைக் குறைத்து எழுதியதும் அதில் இருக்கிறது, அதை நீக்கினாலும் வீழ்ச்சி வீழ்ச்சிதான்.

எண்ணிக்கைக்காக எண்ணிக்கை என்று போனால் என்ன ஆகும் என்பதையும் இன்டெல்லே காட்டியிருக்கிறது. 2014-ல் 4 கோடி டேப்லெட்டில் ஆட்டம் (Atom) என்ற தங்கள் சின்னச் சிப்பை ஏற்றுவோம் என்று இலக்கு வைத்தார்கள், தாண்டியும் விட்டார்கள், 4.6 கோடி. எப்படி? சிப்போடு சேர்த்து தயாரிப்பாளருக்குப் பணமும் கொடுத்தார்கள், ஆர்ம் சிப் போட்டால் ஆகும் செலவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை இன்டெல்லே ஏற்றுக்கொண்டது. அந்த மொபைல் பிரிவின் வருவாய் அந்த வருடம் 20 கோடி டாலர், நஷ்டம் 420 கோடி டாலர். அடித்தளம், மாடி என்றெல்லாம் அன்றும் சொன்னார்கள். 2016-ல் போனுக்கான ஆட்டம் திட்டத்தையே இழுத்து மூடினார்கள்.

இன்னொன்று. ஏஎம்டி ஒருகாலத்தில் மலிவாக விற்றதை நல்லெண்ணம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 2011-ல் வந்த ஏஎம்டியின் புல்டோசர் பிராசஸரான எஃப்எக்ஸ்-8150-ன் பரப்பு 315 சதுர மில்லிமீட்டர், விலை 245 டாலர். எதிரில் நின்ற இன்டெல் ஐ7-2600கே 216 சதுர மில்லிமீட்டர், 317 டாலர். பெரிய சிப்பைச் செய்து சின்ன விலைக்கு விற்றார்கள், வேகம் இல்லாததால் வேறு வழி இல்லை. குளோபல்ஃபவுண்டரீஸுடன் இருந்த ஒப்பந்தத்தால் வாங்காத வேஃபருக்கும் பணம் கட்டிய வருடங்கள் உண்டு. 2015-ல் வருவாய் 399 கோடி டாலர், நஷ்டம் 66 கோடி டாலர், மொத்த லாப விகிதம் 27 சதவீதம், பங்கு விலை ஒரு கட்டத்தில் 2 டாலருக்கும் கீழே. பட்ஜெட் கம்பெனி என்ற பெயரோடு அவர்கள் கிட்டத்தட்ட மூழ்கியே போனார்கள். லிசா சு 2014 அக்டோபரில் தலைமை அதிகாரியாகப் பொறுப்பேற்ற பிறகு செய்த முதல் வேலை அந்தப் பெயரிலிருந்து வெளியே வருவதுதான்.

பழையசாக்கெட்:

தணிக்கைக்காரி அவர்களே, ஃபேப் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2018-ஐயும் சேர்த்துப் பேசுங்கள். 10 நானோமீட்டர் தாமதமாகி 14 நானோமீட்டரில் இடம் போதாமல் இன்டெல் திணறியபோது, அப்போது தற்காலிகத் தலைமை அதிகாரியாக இருந்த பாப் ஸ்வான் செப்டம்பரில் வெளிப்படையாகக் கடிதமே எழுதினார், சர்வருக்கான ஜியானுக்கும் விலையுயர்ந்த கணினிகளுக்கான ‘கோர்’ வரிசைப் பிராசஸருக்கும் முன்னுரிமை என்று. மலிவு சிப்புக்கு நெருக்கடி வரும் என்பதுதான் அதன் பொருள். லாபக் கணக்குப்படி மிகச் சரியான முடிவு. அந்த இடைவெளியில்தான் குரோம்புக்கிலும் மலிவு லேப்டாப்பிலும் ஏஎம்டி உள்ளே நுழைந்தது. லேப்டாப் கம்பெனிகள் ஏஎம்டியை நம்பி மாடல் வடிவமைக்கப் பழகியது அப்போதுதான், 2020-ல் ரைசன் 4000 வந்தபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது. இன்று ஏஎம்டி அதே வாசலைத் திறந்து வைத்தால் உள்ளே வருபவர் யார் என்பதுதான் என் கேள்வி.

வேஃபர்கணக்கு:

நல்ல கேள்வி, ஆனால் ஏஎம்டி வாசலைத் திறந்து வைத்திருக்கிறது என்பதைத்தான் நான் மறுக்கிறேன். கீழ்த்தட்டுக்குப் புது வேஃபரைச் செலவழிக்க மாட்டோம் என்கிறார்கள், அவ்வளவுதான். 2022-ல் மலிவு லேப்டாப்புக்கென்று ரைசன் 7020 வரிசையைச் செய்தார்கள். உள்ளே 2019-ன் ஜென் 2 கோர், டிஎஸ்எம்சியின் 6 நானோமீட்டர், நான்கு கோர் மட்டும். ஜென் 4 கோர் 5 நானோமீட்டரில் ஓடும் அதே வருடத்தில். டெஸ்க்டாப்பில் பழைய ஏஎம்4 சாக்கெட் 2016-லிருந்து இருக்கிறது, இன்றும் அதற்கு சிப் விற்கிறார்கள், 5500, 5600 எல்லாம் பழைய 7 நானோமீட்டர் வேஃபரில். வடிவமைப்புச் செலவு எல்லாம் எப்போதோ திரும்பி வந்தாயிற்று. மலிவாக விற்கவும் முடிகிறது, எபிக்கின் வேஃபரையும் தொடவில்லை. இன்டெல்லும் இதே மாதிரி ஒன்று நன்றாகச் செய்தது, 2023 தொடக்கத்தில் வந்த என்100, சின்னக் கோர் நான்கை மட்டும் வைத்து. மினி கணினி என்றாலே இப்போது அதுதான்.

2025 ஏப்ரலில் இன்டெல்லே சொன்னதைக் கவனித்தீர்களா? புது சிப்பைவிட பழைய ராப்டர் லேக் பிராசஸரைத்தான் வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்கிறார்கள், அதைச் செய்யும் இன்டெல் 7-ல் இடம் போதவில்லை என்றார்கள். சில மாதம் முன்பு மதிப்பைக் குறைத்து எழுதிய அதே இன்டெல் 7! விலை குறைவான சரக்குக்குத் தேவை இருக்கிறது, ஆனால் அது பழைய ஃபேப்பில் ஓட வேண்டும்.

பொறுமைசாலி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. புரிந்த வரையில், மலிவா உயர்விலையா என்பதை விட அந்தச் சிப் எந்த வேஃபரில் போகிறது, அந்த வேஃபருக்கு வேறு கிராக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரி, காலாண்டு முடிவு வரும்போது என்னைப் போன்றவன் இதை எந்த எண்ணில் பார்ப்பது? நிறுவனம் சிப் வாரியாக எதுவும் சொல்வதில்லையே.

தணிக்கைக்காரி:

சொல்வதில்லை, ஆனால் ஓரளவு ஊகிக்கலாம். 2024 வரை ஏஎம்டி கணினி பிரிவின் லாபத்தைத் தனியாகக் கொடுத்தது. 2022-ல் 620 கோடி டாலர் வருவாய்க்கு சுமார் 119 கோடி லாபம். 2023-ல் 465 கோடிக்கு 4.6 கோடி நஷ்டம். 2024-ல் 705 கோடிக்கு சுமார் 90 கோடி லாபம், அதாவது 13 சதவீதத்தை ஒட்டி. டேட்டா சென்டர் பிரிவு அதே வருடம் 1,260 கோடிக்கு சுமார் 350 கோடி, 28 சதவீதத்தை ஒட்டி. அதில் ஏஐ ஜிபியுவும் கலந்திருப்பதால் எபிக்கின் லாபம் இதுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2025 முதல் காலாண்டிலிருந்து கணினி, கேமிங் இரண்டின் லாபத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள், வருவாய் மட்டும் தனித்தனியே. எனக்கு இதில் வருத்தம்தான், நாம் பேசும் கேள்விக்கு விடை இருந்த வரியே மறைந்துவிட்டது. இனி கணினி வருவாய் ஏறும்போது அது எண்ணிக்கையாலா சராசரி விற்பனை விலையாலா என்று அவர்கள் அறிக்கையில் சொல்லும் வாக்கியத்தைத்தான் தேட வேண்டும். 2025 முதல் காலாண்டில் 68 சதவீதம் ஏறியபோது விலையுயர்ந்த ரைசன்களின் பங்கு கூடியதை முக்கியமாகச் சொன்னார்கள்.

வேஃபர்கணக்கு:

அதோடு வியாபாரிகளிடம் தேங்கும் சரக்கையும் பாருங்கள், 2023 முதல் காலாண்டை மறக்க வேண்டாம். கோவிட் கால வாங்கல் ஓய்ந்து கடைகளிலும் லேப்டாப் கம்பெனிகளிடமும் சரக்கு மலையாகக் கிடந்தது, ஏஎம்டி கணினி பிரிவின் வருவாய் ஒரு வருடத்தில் 65 சதவீதம் சரிந்து 73.9 கோடி டாலருக்கு வந்தது, 17.2 கோடி நஷ்டம். அந்தச் சரிவில் விலையுயர்ந்த சிப்பும் தப்பவில்லை, ஏஎம்5 சரக்குக்கு வந்த சில வாரங்களிலேயே விலையைக் குறைக்க வேண்டியிருந்தது. பங்கு எண்ணிக்கையில், பணத்தில் என்று மெர்குரி கொடுக்கும் சதவீதங்களும் அப்படித்தான், கடைக்கு அனுப்பியதைத்தான் எண்ணுகின்றன, வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனதை அல்ல. நீங்கள் சொன்ன 32, 39-ஐ உங்கள் அண்ணனிடம் காட்டும்போது அடுத்த இரண்டு காலாண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.